சங்கறுத்த ஊர்

ஏரல் சந்தைக்கு வந்து போகிறவர்களுக்குக் கொற்கை பக்கத்து ஊர். கடல் அங்கிருந்து பல கிலோமீட்டர் விலகிவிட்டது. ஒருகாலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம் அதுதான். முத்துக்குக் கிடைத்த பேர் சங்குக்குக் கிடைக்கவில்லை, பாவம். கொற்கை மண்ணுக்குள் அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன.

சங்கு கல் மாதிரி கடினம். உள்ளே இருக்கும் நடுத்தண்டை உடைத்தெடுத்து, வாளரத்தால் குறுக்கே அறுத்தால் வட்டம் வட்டமாகக் கழன்று வரும். அதை உரசி வழவழப்பாக்கி, மேலே கோலம் செதுக்கினால் வளையல். மிஞ்சும் நுனி, முறுக்கிக்கொண்ட மொட்டு போலக் கிடக்கும். அகநானூற்றின் 24ஆம் பாட்டு, விரியாத பகன்றை மொட்டுக்கு இந்த நுனியைத்தான் உவமை சொல்கிறது. பட்டறைக் கழிவைக்கூட விட்டுவைக்கவில்லை. புலவருக்கு என்ன கண்!

தூத்துக்குடியில் இன்றும் சங்கு குளிப்பவர்கள் உண்டு. சரக்கு போவது வங்காளத்துக்கு. அங்கே மணமான பெண்கள் அணியும் வெள்ளைச் சங்கு வளையல், ஒருவேளை நம் மன்னார் வளைகுடாவில் பிறந்ததாகவும் இருக்கும்.