விருந்தினருக்குக் காலைப் பலகாரம்

பெரிய விஷயங்களையே எழுதிப் பழகிய இப்பகுதியில் இன்று காலைப் பலகாரத்தைப் பற்றி எழுதப் புகுகின்றோம். நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைத்த பின்னராவது முழுவதும் படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம். ஒரு குடும்பம் தன்னைப் பற்றி என்ன மதிப்பு வைத்திருக்கிறதென்பது அது அந்நியர் முன் வைக்கும் தட்டில் தெரிந்துவிடுமென்பது நமது அபிப்பிராயம்.

குடியிருக்கும் வீட்டிலேயே ஓரிரண்டு அறைகளை ஒழித்துப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் நமது நாட்டில் பரவி வருகிறது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலும், கொடைக்கானல் மலையிலும், புதுச்சேரியிலும், குடகிலும், கேரளத்திலும் இவ்வித வீட்டு விடுதிகள் பல உள. ‘ஹோம்ஸ்டே’ என்னும் பெயரால் இவற்றை யாவரும் அறிவர். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டப்படி இத்தகைய வீட்டில் விருந்தினருக்கு விடும் அறைகள் ஆறுக்கு மேற்படலாகாது. படுக்கைகள் 12-க்கு மேற்படலாகாது. வீட்டுக்குடையவர் தமது குடும்பத்துடன் அங்கேயே வசிக்க வேண்டும். 2025-ஆம் வருஷத்து மத்திய வரவு செலவுத் திட்டத்தில் இவ்விடுதிகளுக்கு முத்ரா கடன் வழங்கப்படுமென்றும் அறிவிக்கப்பட்டது. ஆகவே, நிலமும் பெரிய முதலும் இல்லாத குடும்பங்களுக்கு இஃது ஒரு ஜீவனோபாயமாகி வருகின்றது. அக்குடும்பங்கள் ஒவ்வொரு நாளும் எதிர்ப்படும் கேள்வி ஒன்றுண்டு. வந்திருப்பவர்களுக்கு நாளைக் காலையில் என்ன வைப்பது?

சில மாதங்களுக்கு முன் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்குச் செல்ல நேர்ந்தது. முற்றமும் வளவும் உள்ள ஒரு பழைய வீட்டில் தங்கினோம். காலையில் பல் துலக்கிவிட்டு வந்தபோது மேஜைமீது வெள்ளைத் துணி விரித்து, வெட்டிய ரொட்டித் துண்டுகளும், சிறு பொட்டலங்களில் அடைத்த ஜாமும், ஒரு கிண்ணத்தில் கார்ன்ஃபிளேக்ஸும், பெட்டியிலடைத்த பழரசமும் வைத்திருந்தார்கள். ரொட்டி முதல்நாள் பஸ்ஸில் வந்தது; ஓரங்கள் காய்ந்திருந்தன. அதே சமயம் பின்கட்டிலிருந்து எண்ணெயில் வேகும் பணியாரத்தின் மணமும், வறுத்து அரைத்த மிளகாய்த் துவையலின் நெடியும் வந்துகொண்டிருந்தன.

“ஆச்சி, அடுப்பில் என்ன வேகிறது?” என்று கேட்டோம்.

“அது எங்களுக்குச் செய்தது, ஐயா. வெள்ளைப் பணியாரம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் பிடிக்குமோ, என்னவோ! ரொட்டி வைத்தால்தான் கௌரவம் என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள்” என்றார் அந்த அம்மையார்.

நாம் வற்புறுத்திக் கேட்ட பின்னர் நான்கு பணியாரம் கொண்டுவந்து வைத்தார். வைக்கும்போதும் சற்றுக் கூச்சத்துடனேயே வைத்தார். அந்தக் கூச்சம்தான் நம்மை இதனை எழுதத் தூண்டியது. பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுத்தம்பருப்பைக் கோபுரமாகக் குவித்து, அவ்வளவே விகிதமென்று கொண்டு, ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைத்து, ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி எடுக்கும் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக வந்தது. அந்தத் திறனை உடைய ஒருவர், கடையில் வாங்கிய காய்ந்த ரொட்டிக்கு முன் அதனை மறைத்து வைக்க வேண்டியதாயிற்று. இதில் அவ்வம்மையாரின் குற்றம் யாதொன்றுமில்லை. விருந்தினரைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட்ட தப்பெண்ணமே குற்றவாளி.

ரொட்டிப் பக்ஷத்து வாதத்தையும் நேர்மையுடன் கேட்போம். ‘வந்தவர்கள் பழகியதையே விரும்புவார்கள், தெரியாத உணவு வயிற்றுக்கு ஒவ்வாமற் போகலாம், ரொட்டியும் முட்டையும் எல்லாரும் அறிந்தவை’ என்பர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால், பழகியது என்று நாம் எண்ணுவது உண்மையில் பழகியதுதானா என்பதை விசாரிக்க வேண்டும். கார்ன்ஃபிளேக்ஸை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்துப் பாட்டில் கிரீக் என்னும் ஊரில் கெல்லாக் சகோதரர்கள் நடத்திய ஆரோக்கிய நிலையத்தில், நோயாளிகளுக்கான பத்திய உணவு தேடிய முயற்சியில் பிறந்தது அது. 1906-இல் அதற்கென்று கம்பெனி ஏற்பட்டது. 1994-இல் அக்கம்பெனி இந்தியாவில் விற்பனை தொடங்கியபோது, நமது வீடுகளில் பாலைக் காய்ச்சிச் சூடாக ஊற்றும் வழக்கமே அதற்கு எதிராக நின்றது. சூடான பாலில் அவல் நமுத்துக் கூழாயிற்று. முதலிற் சில காலம் எதிர்பார்த்த விற்பனை இல்லை. இஃது அந்த உணவைப் பழிப்பதற்காகச் சொல்லுவதன்று. தன் ஊரில் அதற்கு ஓர் இடமும் காரணமும் உண்டு. நமது வீட்டு மேஜையில் அது உட்காருவதற்கு என்ன காரணமென்பதே கேள்வி. வருகிறவர் அதைத் தம் வீட்டிலேயே உண்ணக்கூடும். பலநூறு மைல் பிரயாணம் செய்து வந்தவருக்கு அதே டப்பியைத் திறந்து காட்டினால் அவருடைய பணத்துக்கு நாம் என்ன கொடுத்தவர்களாவோம்?

இதற்கு எதிரான தவறும் ஒன்றுண்டு. அதைச் சொல்லாவிடில் நமது வாதம் ஒருதலைப்பக்ஷமாகிவிடும். சில இடங்களில் ‘பாரம்பரிய விருந்து’ என்று பெயரிட்டு, தலைவாழையிலையில் பதினைந்து இருபது வகைகளைப் பரப்புகிறார்கள். வீட்டார் ஒரு நாளும் காலையில் அவ்விதம் உண்டதில்லை. விருந்தினரும் பாதியை உண்டு மீதியை இலையிலேயே விட்டு எழுந்திருக்கிறார். ரொட்டி வைப்பது பிறரைப்போல் வேஷம் போடுவதானால், இது நம்மைப்போலவே நாம் வேஷம் போடுவதாகும்.

மேலும், பழமை பழமை என்று சொல்லுகிறோமே, அதன் வரலாறு நாம் எண்ணுவதுபோல் அவ்வளவு நேராக இல்லை. இட்டலியின் பெயரை ஒத்த சொல் கி.பி. 920-ஐ ஒட்டிய ‘வட்டாராதனை’ என்னும் கன்னட நூலில் காணப்படுகிறது. ஆனால், பழைய நூல்களிற் கூறப்படும் அப்பண்டம் உளுந்தாலானது. அரிசி கலந்து புளிக்கவைத்த இன்றைய இட்டலியின் இலக்கணம் அவற்றிற் காணப்படவில்லையென்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. ஆசயா காட்டியிருக்கிறார். கிராமங்களில் உழைப்பாளிகளின் காலையுணவு பழையதாகவே இருந்தது. இட்டலியும் தோசையும் பல குடும்பங்களில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் செய்யும் பலகாரங்களாகவே நெடுங்காலம் இருந்தன. செட்டிநாட்டார் பெருமையுடன் வழங்கும் கவுனியரிசியோ, அவர்களுடைய பர்மா வாணிபத்தோடு தொடர்புடையது. எனவே, எது தொன்மையானது, எது கடல் கடந்து வந்தது என்று ஆராய்ந்து பலகாரத்தைத் தேர்ந்தெடுக்க முயன்றால் விடியுமுன் தீர்ப்புக் கிடைக்காது. அதைவிட எளிய அளவுகோல் ஒன்றிருக்கிறது.

இன்று காலை வீட்டார் எதை உண்ணுகிறார்களோ, அதையே விருந்தினருக்கும் வைக்க வேண்டும். வீட்டில் அரிசியுப்புமா என்றால் அரிசியுப்புமா; இடியாப்பமென்றால் இடியாப்பம்; வீட்டார் உண்மையில் ரொட்டியும் முட்டையும் உண்பவர்களானால் அவையே. குடகில் அக்கி ஒட்டியும், மலையாளத்தில் புட்டும் கடலையும் இவ்வாறே மேஜைக்கு வரட்டும். தன் பிள்ளைகளுக்குச் செய்வதில் எந்தத் தாயும் கவனக்குறைவாக இருப்பதில்லை. அந்தக் கவனம் விருந்தினருக்குச் செலவின்றிக் கிடைக்கிறது.

இதில் நடைமுறை விஷயங்கள் சில உண்டு.

முதலாவது, வகைகள் மிகுதல் கூடாது. பெரிய ஹோட்டல்காரன் நூறு பேருக்கு இருபது வகை செய்து, மீந்ததை வேறு வழியில் செலவழித்துவிடுவான். அதிகபட்சம் பன்னிரண்டு பேருள்ள வீட்டில் அது நஷ்டத்துக்கே வழி. ஒரு முக்கியப் பலகாரம், அதற்குரிய சட்னி அல்லது சாம்பார், பழம், காப்பி அல்லது தேநீர். ஒவ்வாதவருக்கென்று எளிய மாற்று ஒன்று. இவை போதும்.

இரண்டாவது, முதல்நாள் மாலையே கேட்டுவிட வேண்டும். இட்டலி மாவு நினைத்தவுடன் பிறப்பதன்று. நாலைந்து மணி நேரம் ஊறி, அரைத்த பின்னர் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் புளிக்க வேண்டும். சமவெளி வெயிலில் விரைவாய்ப் பொங்கும் மாவு, ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலின் குளிரில் விடிந்த பின்னும் எழும்பாமல் கிடக்கும். அங்கே தண்ணீரும் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால் ஆவியில் வேகவும் அதிக நேரம் பிடிக்கும். அத்தகைய இடத்தில் இட்டலிக்காகப் பிடிவாதம் செய்யாமல், புளிக்கவைக்க வேண்டாத அடையோ, உப்புமாவோ, இடியாப்பமோ செய்வது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, கேட்கும்போது ‘என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், ‘எது ஆகாது?’ என்றும் கேட்க வேண்டும். வேர்க்கடலை சிலருக்கு உயிருக்கே ஆபத்தானது. வேர்க்கடலைச் சட்னி அரைக்கும் வீட்டார் இதை அறிந்திருத்தல் அவசியம். பிரிட்டனில் 2014 முதல், உணவு விற்போர் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உண்பவருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்; காலையுணவுடன் அறை விடும் சிறு வீடுகளும் இதற்கு விலக்கல்ல. சமணர் வெங்காயமும் கிழங்கும் உண்ணார். ரமலான் நோன்பு நோற்பவருக்கு விடியுமுன்னரே உணவு வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு இனிப்பு ஆகாது. காரம் பழகாதவருக்குத் துவையலைத் தனியே வைத்தல் நலம். வீட்டில் முட்டை சமைக்கும் வழக்கமில்லையானால், அறையை ஒப்புக்கொள்ளும்போதே அதைச் சொல்லிவிடுதல் நியாயம். அறைவாடகையில் பலகாரம் அடக்கமா, தனி விலையா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். திருக்குறளில் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆனால், அஃது விலை பெறாத விருந்தைப் பற்றியது. இங்கே விலை பெறுகிறோம். ஆதலின் அன்போடு ஒப்பந்தமும் உண்டு. ஒப்பந்தம் தெளிவாயிருந்தால் அன்பில் பிசகு நேராது.

நான்காவது, விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸுக்குப் புறப்படுகிறவரைப் பட்டினியாய் அனுப்பலாகாது. மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்டலியை இலையில் கட்டிக் கொடுத்தால் வழியில் கெடாது. அவர் அதைத் தின்னும்போது அந்த வீட்டை நினைப்பார்.

எல்லாவற்றினும் முக்கியமானதைக் கடைசியில் சொல்லுகிறோம். வீட்டு விடுதியின் விளம்பரத்தை எழுதுகிறவர் பெரும்பாலும் ஆண்பிள்ளை. ‘கேட்டதெல்லாம் கிடைக்கும்’ என்று அவர் எழுதிவிடுகிறார். காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிறவர் வேறொருவர். ஒருவருக்குப் பூரி, ஒருவருக்குத் தோசை, ஒருவருக்கு ஆம்லெட் என்று ஐந்து அடுப்புக்கு ஒரு கை ஓடுகிறது. அந்தக் கைக்குரியவர் எல்லாரும் எழுந்துபோன பின்னர் ஆறிப்போனதை உண்ணுகிறார். இது விருந்தோம்பலாகாது, சம்பளமில்லாத வேலை. சமைப்பவர் யாரோ, பலகாரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அவருக்கே இருக்க வேண்டும். வருமானத்தில் அவர் பங்கு அவர் கையில் வந்து சேர வேண்டும். வீட்டார் உண்பதையே விருந்தினருக்கு வைக்க வேண்டுமென்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே சமையலானால் அவரும் சூடாக, நேரத்தில் உண்ணலாம்.

இப்பத்திரிகையின் நேயர்களில் பலர் பொதுவேலையாக ஊர் ஊராய்ச் சுற்றியவர்கள். முன்பின் அறியாத வீடுகளில் எத்தனையோ காலைகளில் உண்டிருப்பீர்கள். அவற்றில் எது நினைவிலிருக்கிறதென்று யோசித்துப் பாருங்கள். கடையிலிருந்து தருவித்தது நினைவிலிராது. அவ்வீட்டார் தமக்கென்று செய்ததிலிருந்து, கூச்சமில்லாமல், ‘நீங்களும் உட்காருங்கள்’ என்று சொல்லி வைத்ததே நினைவில் நிற்கும். அந்தக் கைகளுக்கு அன்று நன்றி சொன்னோமா என்பதையும் உடன் யோசித்துப் பார்ப்பது நல்லது.

காரைக்குடிப் பக்கத்து அந்த அம்மையாரிடம் விடைபெறும்போது, “இனி வருகிறவர்களுக்கும் பணியாரமே வையுங்கள், ஆச்சி” என்று சொல்லிவிட்டு வந்தோம். “பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுகிறேன், ஐயா” என்றார். அப்பிள்ளைகள் போன்றோர் கண்ணில் இது படவேண்டுமென்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம்.