ஆற்றுவாயும் இரு கரையும்

மட்டக்களப்பு என்றவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாடும் மீன். கல்லடிப் பாலத்தின் அருகே நிலாக்கால இரவுகளில் நீரினடியிலிருந்து எழும் அவ்வொலியைப் பற்றி, 1848ஆம் ஆண்டில் அங்கு வந்த எமேர்சன் தெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்தோரும் எழுதினர். ஒலி எழுப்புவது மீனா, சிப்பியா, நத்தையா என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் நிற்க. இன்று நான் சொல்லப் புகுவது அவ்வொலி எழும் வாவியைப் பற்றியது. இன்னும் திருத்தமாகச் சொல்வதாயின், அவ்வாவியின் வாயைப் பற்றியது.

ஆண்டுதோறும் மாரிகாலம் வந்ததும் எங்கள் நகரில் ஒரு கேள்வி எழுகின்றது. ஆற்றுவாயை வெட்டுவதா? வெட்டுவதாயின் எப்பொழுது வெட்டுவது? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆயினும் கடையிலும் சந்தையிலும், கோவில் வீதியிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் அக்காலத்தில் இதுவே பேச்சு. இக்கேள்விக்கு மக்கள் விடை காணும் முறையில் அந்நகரின் கூட்டு வாழ்க்கையை நாம் தெளிவாகக் காணலாம்.

முதலில் நில அமைப்பை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கிழக்கே வங்கக் கடல். கடலையொட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலம். அதற்கு மேற்கே வாவி. வாவிக்கும் மேற்கே பரந்த வயல்வெளி. அதற்கப்பால் குளங்களும் காடும். வாவியானது வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுடையது. நீளம் பெரிது, ஆழமோ சிறிது. நகரின் நடுப்பகுதியாகிய புளியந்தீவு, பெயருக்கேற்ப, இவ்வாவியினுள்ளே கிடக்கும் ஒரு தீவு. போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டிற் கட்டி, ஒல்லாந்தர் 1638ஆம் ஆண்டிற் கைப்பற்றிய கோட்டை அத்தீவின் விளிம்பிலே நிற்கின்றது.

வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் எழுவான். ஞாயிறு படும் பக்கம் படுவான். ஒரு கரையின் பெயரைச் சொன்ன மாத்திரத்தே மற்றக் கரையும் நினைவுக்கு வருகின்றது. இரண்டும் தனித்து வாழ இயலாதவை என்பதை முன்னோர் பெயரிலேயே உணர்த்திவிட்டனர்.

படுவான்கரையில் நெல் விளைகின்றது. எருமைப்பால் தயிராகச் சட்டிகளில் உறைகின்றது. காட்டுத் தேனும் விறகும் அங்கிருந்து வருகின்றன. எழுவான்கரையிலோ கடல் மீனும், தெங்கும், மருதமுனையின் கைத்தறிப் புடைவையும், காத்தான்குடி வணிகரின் பலசரக்கும் உள. முற்காலத்தில் மீன் கொண்டு சென்றவர் நெல் கொண்டு திரும்பினர். பணம் பெருகிய பின்னர் பண்டமாற்றுக் குறைந்தது. ஆனால் கொள்ளலும் கொடுத்தலும் குறையவில்லை. படுவான்கரையில் விளைச்சல் பொய்த்த ஆண்டில் நகரத்துக் கடைக்காரரின் கடன் கணக்கு நீளும். இது தமிழர் கடைக்கும் முஸ்லிம் கடைக்கும் பொதுவான நியதி.

இரு கரைக்கும் இடையிலே போக்குவரத்துச் செய்வதற்குத் துறைகள் தோன்றின. மலைநாட்டு நேயர் 'பாதை' என்றால் கால்நடையாகச் செல்லும் வழியென்றே கொள்வர். எங்கள் பகுதியிற் பாதை என்பது ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் தட்டையான மிதவை. மண்முனைத் துறையில் நெடுங்காலம் இவ்வாறே மக்கள் கடந்தனர். 2014ஆம் ஆண்டில் அங்கே பாலம் திறக்கப்பட்டது. கல்லடியில் மனிங் சீமாட்டியின் பெயரால் அமைந்த இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டுக்குரியது. அதன் அருகே புதிய பாலம் 2013ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது.

இனி, ஆற்றுவாய்க்கு வருவோம்.

வாவி கடலோடு கலக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, நகருக்கு வடக்கே, வெளிச்சவீட்டுக்கு அண்மையிலுள்ள பாலமீன்மடு முகத்துவாரம். மற்றையது தெற்கே பெரியகல்லாற்றுப் பக்கம். கோடையில் ஆறுகளில் நீர் வரத்துக் குன்றும். வாவியிலிருந்து கடலுக்கு ஓடும் நீரின் வேகமும் குன்றும். அக்காலத்திற் கடலலை கரையோரமாக அள்ளிவரும் மணல் முகத்துவாரத்தில் தங்கித் திடலாகி, ஈற்றில் வாயை அடைத்துவிடும். வாவி அப்பொழுது ஒரு பெரிய குளம் போலாகின்றது.

பின்னர் வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவருகின்றது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையிற் பெரும்பகுதி நவம்பர் முதல் சனவரி வரையுள்ள மாதங்களிலேயே பெய்து தீர்கின்றது. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் நிரம்பி வான் பாய்கின்றன. அவ்வெள்ளம் வயல்களினூடாக வாவியை வந்தடைகின்றது. வாய் அடைபட்ட வாவியில் நீர் மட்டம் ஏறத் தொடங்குகின்றது. அந்த வேளையில் மணல் திடலின் குறுக்கே ஒரு சிறு கால்வாய் வெட்டினாற் போதும். உயர்ந்து நிற்கும் வாவி நீர் தாழ்ந்த கடலை நோக்கிப் பாயும். பாயும் வேகத்திலே தானே மணலை அரித்துத் தன் வழியை அகலமாக்கிக்கொள்ளும். மனிதர் தொடங்கிவைக்கும் வேலையை நீரே முடித்துவிடும். முன்னர் மண்வெட்டியாற் செய்த இவ்வேலையை இப்பொழுது இயந்திரங்கள் செய்கின்றன.

அப்படியாயின் மழை தொடங்கியவுடன் வெட்டிவிடலாமே, இதில் ஆலோசிப்பதற்கு என்ன இருக்கின்றது என்று நேயர்கள் வினவலாம். சிக்கல் இங்கேதான் உள்ளது.

வாவியின் மட்டம் போதிய அளவு உயருமுன் வெட்டினால், பாய்ச்சலுக்கு வேகம் இராது. கடலலை மீண்டும் மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடும். செய்த வேலை வீணாகும். கடல்மட்டம் உயர்ந்து நிற்கும் வேளையில் உப்பு நீர் உள்ளே ஏறிக் கரையோர வயல்களைக் கெடுக்கவுங்கூடும். காலந்தாழ்த்தி வெட்டினாலோ, ஐப்பசியில் விதைத்த பெரும்போக நெற்பயிர் நாட்கணக்கில் நீரின் கீழ்க் கிடந்து அழுகும்; தாழ்ந்த குடியிருப்புகளில் வீடுகளுக்குள் நீர் புகும். ஆகவே முந்தினாலும் கேடு, பிந்தினாலும் கேடு.

இனி, ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு நாளே ஏற்ற நாளாகத் தோன்றுகின்றது. தாழ்நில வயற்காரர் விரைவில் வெட்டுக என்பர். அவர் கவலை பயிர் பற்றியது. வாவியிற் தோணி செலுத்தி வலை வீசுபவரோ வேறு கணக்குப் பார்ப்பார். இறால் கடலிலே முட்டையிடும். அதன் குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே வாவிக்குள் வந்து, கண்டல் வேர்களின் நிழலில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குச் செல்லும். ஆதலால் வாய் திறவாவிட்டால் அடுத்த பருவத்து இறால் இல்லை. ஆனால் திறந்தவுடன் ஏற்படும் பெரும் பாய்ச்சலில் வளர்ந்த மீனும் இறாலும் கடலோடு போய்விடும் என்னும் அச்சமும் அவருக்கு உண்டு. புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் குடியிருக்கும் நகரத்தார் தம் முற்றத்தில் நீர் ஏறும் வரை இதனைப் பொருட்படுத்தார். ஏறிய பின்னரோ ஒரு மணி நேரமும் பொறார்.

இம்மூவரில் எவரையும் பேராசைக்காரர் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மூவர் கூறுவதும் நியாயமே. ஒரே நீர், மூன்று நியாயம். இத்தகைய நிலையில் ஒருவர் தாமாகச் சென்று இரவோடிரவாக வெட்டிவிடுவதே ஏனையோருக்குச் செய்யும் பெருந்தீங்காகும். அதனாலேதான் இக்கருமம் பொது முடிவுக்கு உரியதாகின்றது. மாவட்டச் செயலாளர், அதாவது மக்கள் இன்றும் அரசாங்க அதிபர் என்று அழைக்கும் உத்தியோகத்தர், நீர்ப்பாசனம், கமநல சேவை, கடற்றொழில், அனர்த்த முகாமைத்துவம் முதலிய பகுதியினரையும், விவசாயிகள், மீனவர் ஆகியோரின் சங்கங்களையும் கலந்து முடிவு செய்கின்றார். விதைப்புக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே விதைக்கும் நாளையும் நீர் விடும் நாளையும் பேசி வைப்பது வழக்கம். விதைப்பு ஒழுங்காயின், ஆற்றுவாய்ச் சச்சரவும் ஓரளவு குறையும்.

கூட்டங்களிற் குரல் உயர்வதுண்டு. அதனைக் கண்டு வருந்த வேண்டியதில்லை. தன் வயலுக்காகப் பேச எழுந்த ஒருவர், எதிரே இருக்கும் மீனவரின் வலைக்கும் தம் வயலுக்கும் ஒரே நீர்தான் உணவூட்டுகின்றது என்பதை அங்கேதான் நேரிற் கேட்கின்றார். அயலார் துன்பத்தை அறிவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமா?

பள்ளிக்கூடம் என்றதும் ஒன்று கூறத் தோன்றுகின்றது. எங்கள் பகுதியில் பாடசாலை நடத்துவோர்க்கு மழை நாட்களில் வரவு இடாப்பே நீர்மட்டக் கோல். எந்தத் துறைக்கு அப்பாலுள்ள பிள்ளைகள் வரவில்லை என்று பார்த்தால், எங்கே நீர் ஏறியுள்ளது என்பது விளங்கிவிடும். வெள்ளம் மேலும் ஏறினால் வகுப்பறைகளே அகதிகள் தங்கும் இடமாகின்றன. 1957ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளத்தை முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். 2011ஆம் ஆண்டு சனவரி வெள்ளத்தை நாமே கண்டோம்.

நீர் பிரித்தாலும் மக்கள் சேர்வதற்கு வழி தேடியே வந்துள்ளனர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தின் தேரோட்டத்துக்கும், ஆவணியில் நிகழும் மண்டூர்க் கந்தசுவாமி கோவில் உற்சவத்துக்கும் எழுவான்கரையார் திரள்திரளாக வாவியைக் கடந்து செல்வர். வைகாசியிற் கண்ணகை அம்மன் கோவில்களில் திருக்குளிர்த்தி நிகழும்போது இரு கரை ஊர்களிலும் ஒரே வேண்டுதல்: மழை வேண்டும், நோய் தணிதல் வேண்டும். மழையை வேண்டுவோரும் வெள்ளத்துக்கு அஞ்சுவோரும் அதே மக்களே.

இக்கரைகள் பெருந்துன்பங்களையும் கண்டன. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி தென்னந்தோப்புகளை முறித்துப் போட்டது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த நாவலடியை அழித்து வாவிக்குள் பாய்ந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 2007ஆம் ஆண்டு வரை, நெடுங்காலம் இரு கரையும் இருவேறு ஆட்சியின் கீழ் இருந்தன. துறையைக் கடப்பது அக்காலத்தில் எல்லையைக் கடப்பதாயிற்று. ஒரே கூட்டத்தில் அமர்ந்து ஒரே நீரைப் பற்றிப் பேசுதல் எவ்வளவு பெரிய பேறு என்பதை அவ்வாண்டுகளில் உணர்ந்தோம்.

இப்பேறு நிலைக்க வேண்டுமாயின் வாவி நிலைக்க வேண்டும். இன்று வாவியின் ஓரங்களை மண்ணிட்டு நிரப்பி மனை எழுப்புவோர் உளர். கண்டல் மரங்களை வெட்டுவோர் உளர். நகரத்துக் குப்பையும் கழிவு நீரும் வாவிக்கே செல்கின்றன. வெள்ள நீர் ஓடும் வாய்க்கால்களை அடைத்து மதில் கட்டுவோரும் உளர். நீர் தங்குவதற்கு இருந்த இடம் சுருங்கினால், அதே மழைக்கு மட்டம் முன்னிலும் விரைவாக ஏறும். அப்பொழுது ஆற்றுவாயை எத்துணை விரைவில் வெட்டினும் போதாது. வாயை மட்டும் திறந்துவிட்டு வயிற்றைச் சுருக்குவது என்ன வைத்தியம்?

ஆகையால், மழை வந்த பின்னர் ஆற்றுவாயைப் பற்றி வாதிடும் நாம், மழை வருமுன் வாய்க்காலைப் பற்றியும் ஓரங்களைப் பற்றியும் அதே ஊக்கத்தோடு பேசுதல் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும், கோவில், பள்ளிவாசல், தேவாலய பரிபாலன சபைகளும், பாடசாலைகளும் தத்தம் எல்லைக்குள் வரும் வாவியோரத்தைத் தம் பொறுப்பாகக் கொள்ளலாம். மாணவர் வாவியின் மட்டத்தை நாள்தோறும் அளந்து குறித்து வந்தால், அது நல்ல பாடமும் ஆகும். பிற்காலத்தில் முடிவெடுப்போர்க்கு உதவும் ஏடும் ஆகும். செலவு அதிகமில்லை. ஒரு கோலும் ஒரு கொப்பியும் போதும்.