கிலோமீட்டருக்கு 18 ரூபாய்

கார் வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்ததும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகுமா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் காரின் செலவில் பெட்ரோல் பாதிகூட வராது.

சென்னை மேடவாக்கத்தில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கரணை, வேளச்சேரி வழியாகச் சுமார் 13 கிலோமீட்டர். போக வர 26. மாதம் 25 நாளுக்கு 650. கோயில், கல்யாணம், ஞாயிற்றுக்கிழமைச் சுற்றல் எல்லாம் சேர்ந்து ஒரு 250. ஆக 900 கிலோமீட்டர். விளம்பரத்தில் மைலேஜ் 20-க்கு மேல் போட்டிருப்பார்கள். நெரிசல் சாலையில் ஏசியோடு ஊர்ந்து போனால் 13 கிடைப்பதே பெரிது. 69 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்றால் ஏறத்தாழ 7,000 ரூபாய்.

இனி, வண்டி நின்றாலும் ஓடும் செலவு. எல்லாம் சேர்த்து 7 லட்சம் ஆகும் சின்ன கார். கையிலிருந்து 2 லட்சம், மீதி 5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன். தவணை மாதம் 10,379 ரூபாய். பலரும் இந்தத் தவணையைத்தான் செலவு என்று எழுதுகிறார்கள். அசல் செலவில் சேராது, அது வண்டியாக வாசலில் நிற்கிறது. வட்டியும் தேய்மானமும்தான் செலவு. ஏழு வருடம் ஓட்டி 2,80,000-க்கு விற்றால், மாதக் கணக்கு இப்படி வரும்:

தேய்மானம் – 5,000
கடன் வட்டி – 1,460
இன்சூரன்ஸ் – 1,250
சர்வீஸ், டயர், பேட்டரி – 1,200
காலையில் வண்டி துடைப்பவருக்கு – 500

கூட்டினால் 9,410. பெட்ரோலையும் சேர்த்தால் 16,410. அதை 900-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் சொச்சம்.

இந்த 18 எங்கேயோ கேட்ட எண். சென்னை ஆட்டோவுக்கு அரசு கடைசியாக மீட்டர் கட்டணம் வகுத்தது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. அது கட்டுப்படியாகவில்லை என்று 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாமாக ஒரு கட்டணம் அறிவித்தன: முதல் 1.8-க்கு 50, அதற்கு மேல் 18. "ஆட்டோக்காரன் கொள்ளை அடிக்கிறான்" என்று சலித்துக்கொண்டு கார் வாங்குகிறவர், அதே 18-ஐக் கொடுத்து, ஸ்டியரிங்கையும் தானே பிடிக்கிறார். சங்கத்துக் கணக்கில் மேடவாக்கம்–கிண்டி 252 ரூபாய். சொந்தக் காரில் 237. வித்தியாசம் ஒரு காபி காசு.

நடைமுறையில் ஆபீசுக்கு ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமைக்குக் கார் என்று வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே கார் ஓடுவது அந்த 250 கிலோமீட்டர்தான். ஓட்டம் குறைந்தால் தேய்மானமும் டயர் செலவும் கொஞ்சம் இறங்கும். அதைக் கழித்தாலும் மாதம் 10,000 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 40. வாடகை டாக்சி 25 ரூபாய் கேட்டாலும் இதே ஓட்டம் 6,250-ல் முடிந்துவிடும்.

இடத்தின் கணக்கு தனி. கார் நிறுத்துமிடத்துக்குக் கட்டட விதி கேட்கும் அளவு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 134 சதுர அடி. அதே அடுக்குமாடியில் பிள்ளைகளின் அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. வீட்டில் பெரிய அறை யாருக்கு என்று தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கூட்டர் மலிவு, சந்தேகமே இல்லை. 650 கிலோமீட்டருக்குத் தேய்மானம், பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து மாதம் 2,750. கிலோமீட்டருக்கு நாலே கால் ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு இன்னொரு கணக்கு உண்டு. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அப்பாவுக்கு முன்னால் சின்னவன் நின்றுகொண்டு, பெரியவள் நடுவில் நசுங்கி, அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வேளச்சேரி சிக்னலில் நிற்பதைப் பார்த்தவர்கள், "கார் எதற்கு, வெட்டிச் செலவு" என்று சொல்லத் தயங்குவார்கள். நான் சொல்ல மாட்டேன். கௌரவத்துக்கு வாங்கும் காரும் இந்த நாலு பேருக்காக வாங்கும் காரும் ஒரே விலைதான். கணக்கில் ஒன்றாகவே தெரியும்.

பஸ்ஸில் விருப்பம்போல் பயணம் செய்ய மாதப் பாஸ் 1,000 ரூபாய். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமே இல்லை. அதனால் வீட்டுக் கணக்கில் மனைவியின் போக்குவரத்துக்கு எதிரே பூஜ்யம். கட்டணமில்லா வண்டிக்காகக் காலையும் மாலையும் இருபது நிமிடம் நின்றால் 25 நாளில் 1,000 நிமிடம், பதினாறே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கம். அந்த நேரத்துக்கு நோட்டில் பத்தியே கிடையாது. கார் வந்த பிறகும் காலையில் சாவி பெரும்பாலும் கணவர் கைக்குத்தான் போகிறது. அவள் நிறுத்தத்தில் நிற்கிறாள். மாதம் 16,410 செலவழித்தும் அந்த 1,000 நிமிடத்தில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

கடைசியாக வருவது, "வயசானவங்க இருக்கிற வீடு, அவசரத்துக்கு ஒரு வண்டி வேண்டாமா?" நடு இரவில் நெஞ்சுவலி என்றால் கூப்பிட வேண்டியது 108. தமிழ்நாட்டில் 2008 முதல் காசில்லாமல் வருகிறது. ஆக்சிஜனும் முதலுதவி தெரிந்த ஆளும் உள்ளேயே இருப்பார்கள், நம் காரில் இரண்டும் கிடையாது. கார் உதவுவது மறுவாரத்திலிருந்து: டிஸ்சார்ஜ், தையல் பிரிப்பது, மாதா மாதம் டாக்டர், ரத்தப் பரிசோதனை. அதற்கு டாக்சி போதும், மாதம் நாலு நடைக்கு 2,000 ரூபாய் ஆகலாம். மகனோ மகளோ கூடப் போக ஆபீசில் லீவு கிடைக்குமா என்பதுதான் அங்கே பிரச்சினை, வண்டி அல்ல.