கலாபகசுத் தீவுகளில் கப்பலுலா

பசிபிக் பெருங்கடலில், நிலநடுக்கோட்டின் மருங்கே, ஈக்குவடோர் நாட்டின் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில் கலாபகசுத் தீவுகள் அமைந்துள்ளன. எரிமலைக் குழம்பு இறுகித் தோன்றிய இத்தீவுகளுக்கு 1835-ஆம் ஆண்டில் சார்லசு டார்வின் என்னும் அறிஞர் வந்தார். இன்று பன்னாட்டு மக்களும் இவற்றைக் கப்பலிற் சுற்றிக் காண வருகின்றனர்.

இவ்வுலாவிற்குக் கட்டுப்பாடுகள் பல உண்டு. ஒரு கப்பலில் பயணிகள் நூற்றுவர்க்கு மேல் செல்லுதல் இயலாது. கப்பல் பெரும்பாலும் இரவில் ஒரு தீவினின்று மற்றொன்றிற்குச் செல்லும். பகலில் பயணிகள் சிறு படகேறிக் கரை சேர்வர். உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் வருவார். விலங்குகளை இரண்டு மீட்டருக்கு அப்பால் நின்றே காணவேண்டும். அவற்றைத் தொடுதலும் அவற்றிற்கு உணவிடுதலும் கூடா.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? இங்குள்ள பேராமைகள் உணவும் நீருமின்றிப் பல திங்கள் உயிர்வாழ வல்லன. ஆதலின், முற்காலத்து மாலுமிகள் அவற்றை இறைச்சிக்காக உயிரோடு கப்பல்களில் ஏற்றிச் சென்றனர். பின்னாளில் மாந்தர் கொணர்ந்து விட்ட ஆடுகள், எஞ்சிய ஆமைகளுக்கு உணவாகிய புல்பூண்டுகளை மேய்ந்து அழித்தன. பிண்டாத் தீவில் 1971-இல் ஓர் ஆமையே காணப்பட்டது. அது 2012-இல் இறந்தது. அதனோடு அவ்வினமும் அற்றது.

அற்றது மீளாது. ஆதலின், அங்குச் செல்வோர் கண்டு மகிழ்தலோடு அமைந்து, கண்டவற்றைக் கண்டவாறே விட்டு வருதல் வேண்டும்.