பெயர் சுட்டாமையும் தொடர் இரசிகரும்

ஆடவர் இருவரின் காதலைப் பொருளாகக் கொண்ட தாய்லாந்துத் தொடர்களுக்கு ஜொகூர் இளையோரிடையேயும் இரசிகர் உளர். இவர்களுட் பலர் கதைமாந்தரோடு அமைவதில்லை; நடித்த இருவரையே மெய்யான காதலராகக் கருதி, அவர்தம் பெயர்களை ஒட்டி ஒரே பெயராக்குகின்றனர். தயாரிப்பு நிறுவனங்களும் அவ்விணையை விளம்பரங்களில் விற்பதால் எல்லை மேலும் மங்குகிறது.

இதன் விளைவைச் சீனம் காட்டிற்று. 2019இல் வெளிவந்த ‘தி அன்டேம்ட்’ தொடரில், மூலப் புதினத்தின் காதல் தணிக்கையின் பொருட்டு நட்பாக மாற்றப்பட்டது. 2020 பிப்ரவரியில், அதன் நாயகர் ஷியாவ் ஜானைப் பெண்மைக் கோலத்தில் படைத்த இரசிகர் புனைகதை ஒன்றைக் கண்டு சினந்த அவருடைய வேறு இரசிகர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டனர். அக்கதை இடம்பெற்ற இணையக் காப்பகம் சீனாவில் முடக்கப்பட்டது. அதனால் வெகுண்டோர், அவர் விளம்பரம் செய்த பொருள்களைப் புறக்கணித்தனர். ஒரு வரியும் எழுதாத நடிகரே இழப்பைச் சுமந்தார்.

அன்பின் ஐந்திணையில் எவர் பெயரும் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் விதி. இதனை நாம் பெரும்பாலும் செய்யுள் மரபாகவே கற்பிக்கிறோம். தலைவன் தலைவியர்க்கு உரிய விதிதான். ஆயினும் கற்பனைக் காதலை வாழும் ஒருவர்மேல் ஏற்றாது காக்கும் வேலியாகவும் அது நிற்கிறது. தாய்லாந்தில் 2025 முதல் ஒருபால் திருமணம் சட்டப்படி செல்லும். மலேசியத் தண்டனைச் சட்டமோ ஆடவரிடையிலான உடலுறவைக் குற்றமாகக் கொள்கிறது. அங்கு விளையாட்டாகக் கொள்ளப்படும் பெயரிணைப்பு, இங்குள்ள ஒரு நடிகர்மேல் ஏற்றப்பட்டால் குற்றச்சாட்டாகவே படிக்கப்படும்.