டிரக்டர் ஸ்டார்ட் எடுக்கவில்லையா?

உடப்புசல்லாவையில் வடகீழ் பருவ மழை பிடித்துவிட்டால் நவம்பர் முதல் ஜனவரி வரை எங்கும் ஈரம்தான். கொழுந்து ஏற்றப் போகும் டிரக்டர் அடம் பிடிப்பதும் அப்போதுதான். உடனே "பெட்டரி செத்துப்போச்சு" என்கிறோம். பெட்டரி நல்லாத்தான் இருக்கும், முனைகள்தான் கெட்டிருக்கும்.

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து லைட்டும் மங்கினால், ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போதவில்லை. பெட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா பாருங்கள். ஏர்த் வயரை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து இறுக்க வேண்டும். பூட்டும்போது ஏர்த் வயர் கடைசி. அது வண்டியின் இரும்பில் பிடிக்கும் இடத்தையும் சுரண்டிவிடுங்கள், அதை யாரும் கவனிப்பதே இல்லை. பக்கத்தில் பீடி கூடாது. பெட்டரி வாயு வெடிக்கும். மீட்டரில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12 என்றால் அநேகமாகக் காலி.

சத்தமே இல்லாவிட்டால் பியூஸ், சாவி சுவிச், அதற்குப் பிறகு நியூட்ரல் சுவிச். கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுப்பது இதுதான். ஏறி ஓட்டும் புல்வெட்டும் மெஷினில் சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிச்சும் இப்படி ஒரு காவல்தான்.

அது பழுதானால் சிலர் இரண்டு வயரையும் முறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் கீழே நின்றபடியே ஸ்டார்ட்டரில் ஸ்குரூடிரைவர் வைத்துத் தொடுகிறார்கள். கியரில் இருந்தால் வண்டி அந்த நொடியே நகரும், பின் சக்கரம் ஆளின் மேல்தான் ஏறும். கொழுந்து பிந்துகிறதென்று துரை சத்தம் போடத்தான் செய்வார். மெக்கானிக் வந்து சுவிச்சை மாற்றும்வரை சாக்குகள் வேறு வண்டியில் போகட்டும்.