பாடப்புத்தகத்தில் இலவச கணித சாஃப்ட்வேர்... செலவு யாருடையது?

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அவர்களின் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பாடங்களுக்கு நடுவே ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி வரும். அதிலிருக்கும் க்யூ.ஆர் கோடை மொபைலில் ஸ்கேன் செய்தால் ‘ஜியோஜீப்ரா’ திறக்கும். முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் இழுத்தால், கோணங்கள் மாறுவது கண்முன்னே தெரியும். கட்டணம் கிடையாது.

நாகர்கோவில் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிகளிலும் இதே ஜியோஜீப்ராதான். அங்கே பள்ளிக் கம்ப்யூட்டர்களில் முன்கூட்டியே நிறுவியே தருகிறார்கள்.

எல்லையின் இரண்டு பக்கமும் லட்சக்கணக்கான பிள்ளைகள் பயன்படுத்தும் இந்த சாஃப்ட்வேருக்கு யார் செலவழிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான பதில் நம் பக்கத்து மாநிலம் வழியாகவும் போய் வருகிறது.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கஸ் ஹோஹென்வார்ட்டர், சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தன் முதுகலை ஆய்வுக்காக 2001-ல் தொடங்கியதுதான் ஜியோஜீப்ரா. ஆசிரியர்கள் ஆளாளுக்குப் பாடங்கள் செய்து பகிர்ந்தார்கள், பல மொழிகளில் மொழிபெயர்த்தார்கள். இப்படி ஊர் கூடி வளர்த்த சாஃப்ட்வேரை 2021 டிசம்பரில் ஒரு நிறுவனம் வாங்கியது. கண்ணூர்க்காரரான பைஜு ரவீந்திரனின் ‘பைஜூஸ்’தான் அது! விலை சுமார் 10 கோடி டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன.

அதற்கப்புறம் நடந்தது ஊரறிந்த கதை. கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக, 2024 ஜூலையில் பைஜூஸ் மீது திவால் நடவடிக்கை தொடங்கியது. ஜியோஜீப்ரா இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது, பெற்றோர் பதற வேண்டியதில்லை. ஆனால், அரசுப் பாடப்புத்தகத்தில் அச்சான ஒரு கருவி, அந்த அரசுக்குத் தொடர்பே இல்லாத ஒரு நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் இருந்தது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

இதன் மூல நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதுதான் ‘ஓப்பன் சோர்ஸ்’. அதே சமயம், வணிகத்துக்குப் பயன்படுத்த தனி அனுமதி வேண்டும். முழுக்க முழுக்கத் திறந்த கணித சாஃப்ட்வேர்களும் இருக்கின்றன. அவற்றை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால், அவற்றுக்கு வேறு தலைவலி.

வரி இல்லாத கொடை

நாஞ்சில் நாட்டில் ‘கொடை’ என்றால் கோயில் விழா. அம்மன் கோயில் கொடையோ, சுடலைமாடன் கொடையோ, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். பந்தல், வில்லுப்பாட்டு, சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். அதற்கு மேல் வசதியுள்ளவர்கள் தருவது நன்கொடை. வரியே போடாமல், ‘இஷ்டப்பட்டவங்க குடுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடை நடத்தினால் எப்படி இருக்கும்? கணித சாஃப்ட்வேர் உலகம் அப்படித்தான் ஓடுகிறது.

‘நம்பை’யை எடுத்துக்கொள்வோம். பைத்தான் மொழியில் கணக்குப் போட உதவும் தொகுப்பு இது. நம்மூர் இன்ஜினீயரிங் மாணவர் ஏ.ஐ புராஜெக்ட் என்று எதைத் தொட்டாலும் அடியில் இது இருக்கும். 2019-ல் வெளியான முதல் கருந்துளைப் படத்தை உருவாக்கியதிலும் நம்பைக்குப் பங்கு உண்டு. 2006-ல் இதன் முதல் பதிப்பு வந்தது. பராமரிப்புக்கென்று முதல் நிதி கிடைத்ததோ 2017-ல்! அமெரிக்காவின் மூர் அறக்கட்டளை 6,45,020 டாலர் கொடுத்தது. அதுவரை 11 வருடங்கள், பெரும்பாலும் ஆர்வலர்களின் ராத்திரி நேர உழைப்புதான்.

‘சேஜ்’ கதை இன்னும் வருத்தமானது. விலை உயர்ந்த மேத்தமேட்டிகா, மேட்லேப் போன்றவற்றுக்கு மாற்றாக, கணிதப் பேராசிரியர் வில்லியம் ஸ்டெய்ன் 2005-ல் வெளியிட்டது இது. உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். ஆனால், முழுநேர புரோகிராமர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்குப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்தபடி அவரால் பணம் திரட்ட முடியவில்லை. 2016-ல் பேராசிரியர் வேலையை விட்டு விலகி கம்பெனி நடத்தப்போவதாக அறிவித்தார். அதே காலத்தில், ஐரோப்பிய ஒன்றியம் சேஜ் உள்ளிட்ட சில கணித சாஃப்ட்வேர்களுக்காக 4 வருடத் திட்டம் ஒன்றுக்கு சுமார் 76 லட்சம் யூரோ ஒதுக்கியது. அரசு கொடுத்தால்தான் பெரிய தொகை. நன்கொடை சர்வர் வாடகைக்கும் கூட்டங்களுக்கும் கைகொடுக்கும், சம்பளத்துக்குப் போதாது.

இங்கே யார் கொடுக்கிறார்கள்?

மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியில் ஐ.ஐ.டி பாம்பே நடத்தும் ‘ஃபோஸி’ திட்டம் முக்கியமானது. ‘சைலேப்’ என்ற இலவச கணித சாஃப்ட்வேரைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோவது இதன் வேலைகளில் ஒன்று. பாடநூல் கணக்குகளுக்கு சைலேபில் நிரல் எழுதித் தரும் மாணவர்களுக்கு சன்மானமும் தருகிறார்கள்.

தனியார் பக்கம், பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா, ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தருவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். இலவச சாஃப்ட்வேரை வைத்துச் சம்பாதிக்கும் மற்ற ஐ.டி நிறுவனங்களும் பின்தொடர்ந்தால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை.

தனிநபராக நாமும் கொடுக்கலாம். நம்பை, சிம்பை போன்றவற்றுக்கான நன்கொடையை அமெரிக்காவின் ‘நம்ஃபோகஸ்’ என்ற லாப நோக்கற்ற அமைப்பு வாங்கிக்கொள்கிறது. கணக்கு டாலரில், அதனால் சர்வதேசப் பரிவர்த்தனை அனுமதி உள்ள கார்டு தேவைப்படும். வங்கி தனிக் கட்டணம் பிடிக்கும். வெளிநாட்டு அமைப்பு என்பதால் 80-ஜி வரிச்சலுகையும் கிடையாது. ‘அம்பது ரூவா அனுப்பலாமே’ என்று நினைப்பவர்களை இதெல்லாம் தயங்கவைக்கும்.

பணம் வேண்டாம், நேரம் இருக்கிறது என்பவர்களுக்கும் வேலை உண்டு. பிழை கண்டால் எழுதி அனுப்பலாம், விளக்கக் குறிப்புகளைத் திருத்தலாம், தமிழாக்கம் செய்யலாம். ஐ.ஐ.டி பாம்பேயின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ தளத்தில் சைலேப் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. விடுமுறையில் இருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.